சீசன் முடிந்ததும் வருகிறேன் என்றவனுக்கு

சரவணா,

போனில் விமான டிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பாய். முதலில் அதை மூடு. மூடிவிட்டாயா? சரி, இனிப் படி. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரிந்தேதான் தமிழில் எழுதுகிறேன். பர்மீயத்தில் எழுதினால் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "யாடே அப்பா, யாடே" என்று சரி சொல்லிவிட்டு, நீ நினைத்ததையே செய்வாய். பெற்றவனுக்கு அது தெரியாதா? எழுத்து எழுத்தாய் மெதுவாகப் படி. படித்து முடிக்கிற வரைக்குமாவது நீ அங்கேயே இருப்பாய் அல்லவா. என்னால் இப்போது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடிவதில்லை, மூச்சு வாங்குகிறது. எழுதுவதற்குக் கை இருந்தால் போதும். தாள்களை உன் அம்மா படம் பிடித்து அனுப்புவாள்.

நேற்றுக் காலை உன் டீம் தோற்றது. தோற்றால் அவ்வளவுதான், அடுத்த ஆட்டம் கிடையாது என்று நீ சொல்லியிருந்த ஆட்டம். சீசன் முடிந்துவிட்டது. மழைக்காலத்தில், என் நுரையீரல் இனித் தேறாது என்று டாக்டர் சொன்ன அன்று, நீ போனில் அழுதுகொண்டே சொன்னாய்: "இப்ப லீவு தர மாட்டாங்கப்பா. சீசன் முடிஞ்சதும் வந்துடுறேன். அதுவரைக்கும் இருங்கப்பா." அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கிழவன் இத்தனை மாதம் மூச்சு விட்டான். இப்போது அதே கிழவன் சொல்கிறேன், வராதே. உன் அம்மா சொல்லச் சொல்லி எழுதவில்லை. நானேதான் சொல்கிறேன், நீ வரக் கூடாது.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. யாங்கோன் ஆற்றில், கப்பல் சரக்கு இறக்கும் அலோன் ஜெட்டியில் கிரேனுக்குக் கை காட்டுபவன் நான். சரக்கு மேலே போக ஒரு கை, கீழே இறங்க ஒரு கை, நிறுத்த இரண்டு கையும் விரித்து. கிரேன்காரர் உயரத்தில் உட்கார்ந்திருப்பார். கீழே இன்ஜின் சத்தம், கூலிகளின் கூச்சல், ஆளுக்கு ஆள் "இறக்கு", "தூக்கு" என்று கத்துவான். அவர் யார் கத்துவதையும் கேட்கக் கூடாது. கை காட்டுகிறவன் வாயைக்கூடக் கேட்கக் கூடாது, கையை மட்டும் பார்க்க வேண்டும். ஜெட்டியில் அதுதான் சட்டம். உனக்கு அப்போது பள்ளிக்கூடம் போகிற வயதுகூட ஆகவில்லை. சாப்பாட்டுக் கேரியரோடு வந்த உன் அம்மாவின் கையை உதறிவிட்டு, "அப்பா!" என்று என்னைப் பார்த்து ஓடி வந்தாய். உன் தலைக்கு நேர் மேலே சிமென்ட் மூட்டைகள் வலையோடு இறங்கிக்கொண்டிருந்தன. வாயில் என்ன வந்தது தெரியுமா? "வாடா! வாடா இங்க!" என்றுதான் வந்தது. ஆனால் கைகள் இரண்டும் தாமாக விரிந்து நின்றன. கிரேன்காரர் வாயைக் கேட்கவில்லை, கையைப் பார்த்தார். மூட்டைகள் அந்தரத்தில் நின்றன. அன்று சாயங்காலம் உன் அம்மா கேட்டாள், "நிறுத்துன்னு கத்தாம வாவான்னா கத்துனீங்க?" பிள்ளையைக் கண்டால் இந்த வாய்க்கு அது ஒன்றுதான் தெரியும்.

இப்போது உன் டீம் கதைக்கு வருகிறேன். படிக்கப் போன பிள்ளை, படிப்பு முடிந்து அந்தக் குளிர் ஊரில் அமெரிக்கன் ஃபுட்பால் டீம் ஒன்றில் சட்டை துவைக்கும் வேலைக்குச் சேர்ந்தான் என்றதும் எனக்கு ஒரே கோபம். ஃபுட்பால் என்று பேர், காலால் உதைப்பதைவிடக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். பந்து, உரித்த தேங்காய் மாதிரி ஒரு பந்து. தலைக்கவசத்தில் கொக்குப் படம் போட்டிருப்பதால் நம் வீட்டில் அது கொக்கு டீம். பாதி ஆட்டங்கள் நம் தூக்க நேரத்தில் நடந்துவிடும், அவற்றை நீ துண்டு துண்டாக அனுப்புவாய். அங்கே இரவில் நடக்கும் ஆட்டம் இங்கே காலை டீக்கு வரும். விபிஎன் போட்டு அம்மா போனைச் சொம்பில் சாய்த்து வைப்பாள். இங்கிலீஷ் வர்ணனை எனக்குப் புரியாது. ஆனால் கோடு போட்ட சட்டைக்கார ரெஃபரி கை காட்டுகிறான் பார், அது புரிந்தது. இரண்டு கையும் நேரே மேலே போனால் பாயின்ட். ஒரு கையை முன்னால் நீட்டினால், முன்னேறிவிட்டார்கள், தொடரலாம். இரண்டு கையையும் குறுக்கே வீசினால் ஒன்றுமில்லை, வீண். அட, நம் தொழில்தானே என்று உட்கார்ந்தேன்.

ஒரு ஆட்டத்தில் ரெஃபரி இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துத் தலைக்கு மேலே கூப்பினான். சுவாமி புறப்பாட்டில் கும்பிடுவோமே, அச்சு அசல் அப்படியே. நானும் என்னை மறந்து படுக்கையிலிருந்தே கும்பிட்டுவிட்டேன். உன்னிடம் போனில் கேட்டேன், "என்னடா, வெள்ளைக்காரன் நடு ஆட்டத்துல சாமி கும்பிடுறான்?" நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "அது கும்பிடு இல்லப்பா. நம்ம பக்கத்துக் கடைசிக் கட்டம் இருக்குல்ல, நம்ம வீடு மாதிரி. பந்தோட அதுக்குள்ள போயி நின்னு மாட்டிக்கிட்டா, எதிராளிக்கு ரெண்டு பாயின்ட். அதுக்குத்தான் அப்படிக் கை. அதுக்குப் பேரு சேஃப்டி." "சொந்த வீட்டுக்குள்ள மாட்டிக்கிறதுக்குப் பேரு சேஃப்டியா? எவன்டா பேரு வச்சது?" என்று கேட்டேன். அந்தக் கட்டத்துக்கு அடித்திருக்கும் நீலச் சாயம் விழுந்தவன் சட்டையில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது, தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும் என்றும் சொன்னாய். அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

அதற்குப் பிறகு சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. சீசன் எப்போது முடியும் என்று கேட்டதற்கு, தோற்றுக்கொண்டே இருந்தால் பொங்கலுக்கு முன்னாலேயே முடியும், ஜெயித்தால் நீளும் என்றாய். அந்த நாளிலிருந்து நம் வீடு இரண்டாகப் பிரிந்தது. உன் அம்மா கொக்கு ஜெயிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். நானோ அது தோற்க வேண்டும் என்று படுத்துக் கிடந்தேன். உன் அம்மா மாரியம்மன் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்திருக்கிறாள். குருக்கள், "பேரு?" என்றாராம். "கொக்கு டீம் சாமி." "யாரும்மா அது?" "எங்க பையன் வேல பாக்குற எடம்." "நட்சத்திரம்?" "அவன் நட்சத்திரத்தையே போடுங்க, சுவாதி." நான் சும்மா இருப்பேனா? மூன்று சக்கரச் சைக்கா ஓட்டும் கோ அவுங்கிடம் இரண்டு சுருட்டைக் கொடுத்து முனீஸ்வரனுக்கு வைத்துவிட்டு வரச் சொன்னேன். "என்ன வேண்டிக்கணும் ஊலே?" என்று சித்தப்பா முறை வைத்துக் கேட்டான். "கொக்கு தோக்கணும்னு வேண்டிக்கோ." அவன் என் ஆக்சிஜன் மெஷினைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மூளைக்குக் காற்றுப் போகவில்லை என்று நினைத்திருப்பான். சுருட்டை வாங்கிக்கொண்டு போனான்.

உன் அம்மாவுக்குக் காரணம் இருந்தது. "வந்தா விடுவாங்களா? அவன் வயசுப் பசங்க யாரால இப்ப நாட்ட விட்டு வெளிய போக முடியுது? வந்தான்னா நம்ம வார்டுல குலுக்குற சீட்டுல அவன் பேரும் சேரும். பட்டாளத்துக்குப் பேரு எடுக்குறாங்க, தெரியாத மாதிரி படுத்திருக்கீங்களே" என்பாள். தெரியாமல் இல்லையடா. தெரிந்தும் வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை. நமக்கு மட்டும் நடக்காது, வந்து முகத்தைக் காட்டிவிட்டு எப்படியாவது போய்விடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் உன் டீமும் என் பக்கம்தான். வரிசையாகத் தோற்றது. நீ வாடிய முகத்தோடு பேசுவாய், நான் வருத்தப்படுவது போல நடிப்பேன். போனை வைத்ததும் அம்மாவைப் பார்த்துக் கண்ணடிப்பேன். அவள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

நம் கட்டடத்தின் கீழே மொஹிங்கா, அந்த மீன்சாற்றுச் சேவை விற்கும் டோ மியாவின் மகன் தூரா, உன்னோடு படித்தவன், காலை ஆட்டங்களுக்கு என்னோடு உட்காருவான். ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளெல்லாம் என்னை முதுகில் சுமந்து மூன்று மாடியும் இறங்கியவன் அவன்தான். நீ இருந்தால் நீ செய்திருப்பாய், நீ இல்லாததால் அவன் செய்தான். ஒரு காலை, கரண்ட் இல்லாமல் எல்லோரும் வெந்துகொண்டிருந்தபோது கொக்கு டீம்காரன் ஒருவன் பந்தோடு கோட்டைத் தாண்டினான். ரெஃபரி கை மேலே போன அதே நேரம் கரண்ட் வந்தது. தெருவே "மீ லா பி!" என்று கத்தியது. கரண்ட் வந்துவிட்டது என்று நம் ஊர் கத்துகிற கத்தல்தான். தூரா துள்ளிக் குதித்தான். "பாத்தீங்களா ஊலே, யாங்கோன் முழுக்க உங்க பையன் டீமுக்குக் கை தட்டுது!" அந்த ஆட்டத்தில்தான் உன் டீம் ஜெயிக்க ஆரம்பித்தது. எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வாரம் வார்டு ஆபீசில் சீட்டு எடுத்தார்கள். தூராவின் பேர் வந்தது. புறப்படும் முன் மேலே ஏறி வந்தான். என் கால் பக்கம் உட்கார்ந்து பர்மீய வழக்கப்படி மூன்று தரம் நெற்றியைத் தரையில் வைத்துக் கும்பிட்டான். "ஊலே, இனிமே ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்குவா?" என்றான். தன்னை யார் காப்பாற்றுவார் என்று அவன் கேட்கவில்லையடா, என்னை யார் தூக்குவார் என்று கேட்டான். நான் அவன் தலையில் கை வைத்தேன். இன்றுவரை அவனிடமிருந்து போன் இல்லை. இதெல்லாம் கண்ணால் பார்த்த பிறகும், சரவணா, அந்த வாரமும் நான் கொக்கு தோற்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். உன் அம்மாவுக்குத் தெரியாமல் அவுங்கிடம் இன்னும் ஒரு சுருட்டு கொடுத்தேன். உன்னைப் பார்க்கும் ஆசை அந்த அளவுக்கு என் கண்ணை மறைத்திருந்தது.

பிறகு ஒரு காலை ஆட்டம். நம் வராந்தாவிலிருந்து தொங்கும் கயிற்றில் கீழே யாரோ மணியை ஆட்டினார்கள். அம்மா இழுத்துப் பார்த்தாள், கயிற்றின் நுனியில் மொஹிங்காப் பை. நாங்கள் கேட்கவில்லை. கீழே எட்டிப் பார்த்தால் டோ மியா அண்ணாந்து நின்றுகொண்டிருந்தாள். பர்மீயத்தில் கத்திக் கேட்டாள், "ஜெயிச்சாங்களா?" "ஜெயிச்சிட்டாங்க" என்றாள் அம்மா. டோ மியா அடுப்பை விட்டுவிட்டு மூன்று மாடி ஏறி வந்தாள். மூச்சிரைக்க வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சொன்னாள், "ஜெயிக்கட்டும். ஜெயிச்சுக்கிட்டே இருக்கட்டும். உங்க மகன் அங்கேயே இருக்கட்டும். நான் பகோடாவுல தெனமும் அதுக்குத் தண்ணி ஊத்துறேன்." தன் பிள்ளை எங்கே என்று தெரியாத ஒருத்தி என் பிள்ளைக்காகப் புத்தருக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். நானோ அவன் வர வேண்டும் என்று முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைத்திருக்கிறேன். அன்று அந்த மொஹிங்கா எனக்கு இறங்கவில்லை. "சூடு ஜாஸ்தி" என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

அன்றிலிருந்து நான் கொக்கின் ஆள். அவுங்கைக் கூப்பிட்டு, "முனீஸ்வரன்கிட்ட மாத்திச் சொல்லிட்டு வா" என்றேன். அவனுக்கு என் மேல் ரொம்பப் பரிதாபம். டீம் ஜெயித்தது, ஜெயித்தது, சீசன் நீண்டது. இப்படியே சித்திரையில் வரும் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா வரை ஓட்டிவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டேன். அதற்கு மேல் நான் தாங்க மாட்டேன் என்று டாக்டர் வெளியே அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. நான் போகும் வரை ஆட்டம் முடியாமல் இருந்தால், நீ வருகிற பேச்சே எழாது. எந்த விளையாட்டும் அவ்வளவு நாள் நீளாது என்று அம்மா சொன்னாள். "நீ வாய வச்சிக்கிட்டு சும்மா இரு" என்றேன்.

நேற்றுக் காலை கரண்ட் இல்லை. பேட்டரியில் என் மெஷின் மட்டும் ஓடியது, நெட்டுப் பெட்டி நின்றுபோனது. "மெஷினைப் பிடுங்கிட்டு அத மாட்டு" என்றேன். "ஏங்க, மூச்சு வேணாமா?" என்றாள். "ஆட்டம் முடியட்டும், அப்புறம் விடுறேன்." திட்டிக்கொண்டே தன் போனிலிருந்து நெட் பிடித்துக் கொடுத்தாள். ஆட்டம் முடியப் போகிறது, நாம் ஒரே ஒரு பாயின்ட் முன்னால். பந்து நம்மிடம்தான், ஆனால் நம் கடைசிக் கட்டத்தை ஒட்டிக் கிடந்தது. பந்தை எறிகிற அந்தப் பையன், உன் வயதுதான் இருக்கும், பந்தை வாங்கிக்கொண்டு பின்னால் போனான். எதிரே மலை மாதிரி ஆட்கள் வந்தார்கள். அவன் இன்னும் பின்னால் போனான். "வெளிய ஓடுறா! டேய், வீட்டுக்குள்ள போவாதடா! வீட்டுக்குள்ள போவாத!" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு சத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அவன் நீலக் கட்டத்துக்குள்ளேயே விழுந்தான். மேலே நாலு பேர் விழுந்தார்கள். கோடு போட்ட சட்டைக்காரன் நடந்து வந்து, உள்ளங்கை இரண்டையும் சேர்த்துத் தலைக்கு மேலே தூக்கினான். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. தெருவே "மீ லா பி!" என்று சந்தோஷமாகக் கத்தியது. உன் அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் நீ கூப்பிட்டாய். அழுத கண், சிரித்த முகம். "அப்பா, சீசன் முடிஞ்சிருச்சு. டிக்கெட் பாத்துக்கிட்டு இருக்கேன், இருங்கப்பா, வந்துடுறேன்." ஒரு நிமிஷம், சரவணா, அந்த ஒரு நிமிஷம் எனக்கு எல்லாம் மறந்துபோனது. தூரா மறந்தான், டோ மியா மறந்தாள். என் பிள்ளை வருகிறான் என்று உடம்பெல்லாம் குளிர்ந்தது. வா என்று சொல்ல வாயைத் திறந்தேன். நல்ல வேளை, இருமல் வந்து மறித்தது. அம்மா போனை வாங்கி, "அப்புறம் பேசுறோம்ப்பா" என்று வைத்துவிட்டாள். நீ வந்தால் என்னைப் பார்ப்பாய், நான் உன்னைப் பார்ப்பேன், அதற்குப் பிறகு உன் அம்மா டோ மியாவைப் போல அண்ணாந்துகொண்டு தெருவில் நிற்பாள். நான் அதைப் பார்க்க இருக்கக்கூட மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது. சாகப் பயம், உன்னைப் பார்க்காமல் சாக அதைவிடப் பயம். இருந்தும் சொல்கிறேன், வராதே. நேற்றுச் சாயங்காலம், "கொள்ளி யாரு போடுவா?" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள், "நான் போடுறேன். பொம்பள போட்டா எரியாதா?" அதனால் அந்தக் கவலையும் உனக்கு வேண்டாம்.

நீ வேலைக்குப் போனதும் அந்தப் பையனின் சட்டை உன் கைக்குத்தான் வரும். நீலக் கறையைத் தேய்க்கும்போது என்னை நினைத்துக்கொள். அவன் சொந்தக் கட்டத்துக்குள் பின்வாங்கியதால்தான் அந்தக் கறை. அங்கேயே இரு. அடுத்த சீசனுக்கும் சட்டை துவை. கல்யாணம் செய்துகொள், உன் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து சொல்லிக் கொடு, என் கையெழுத்து இப்படித்தான் கோணலாக இருக்கும் என்று காட்டு.

நாளைக் காலை வீடியோவில் கூப்பிடு. உன் முகத்தைப் பார்த்ததும் இந்த வாய் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. ஜெட்டியில் சொன்னதைத்தான் சொல்லும், வாடா, வாடா இங்க என்று. அழுதுகொண்டே சொன்னாலும் சொல்லும். அதைக் கேட்காதே. அம்மா போனைச் சொம்பில் சாய்த்துவிட்டு என் முதுகுக்குத் தலையணை கொடுப்பாள். என் இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து தலைக்கு மேலே போகும். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீதான். வாயைக் கேட்காதே சரவணா, கையைப் பார்.

அப்பா